முப்பத்தெட்டு வளைவு

பட்டன் காரில் எத்தனை தடவை வாந்தி எடுத்திருக்கிறாள் என்று அத்தையிடம் கேட்டால் பதினேழு என்பாள். அம்மாவிடம் கேட்டால் பதினொன்று. மீதி ஆறும் வெறும் ஓங்கரிப்பு, வெளியே எதுவும் வரவில்லை என்பாள். அப்பனிடம் கேட்கக் கூடாது. சீட்டைக் கழற்றிக் கழுவியவன் அவன்.

இத்தனைக்கும் அவள் காரிலேயே வளர்ந்தவள். அப்பனுக்குக் கார் சீட் தைக்கிற வேலை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பஞ்சர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில் அவன் பட்டறை. மேலே வீடு. தெருவில் அவனைக் குஷன்காரன் என்பார்கள். இரண்டு கார் நிற்கிற இடம், ஒரு பெரிய தையல் மிஷின், சுவரோரம் நிறவாரியாகச் சுருட்டி நிறுத்திய ரெக்சின், பரண் முழுக்க ஃபோம். பழைய சீட்டைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து விழுவதை வைத்து அந்தக் குடும்பத்தையே சொல்லிவிடுவான். ஹேர்பின், பென்சில் முனை, பால் பாட்டில் மூடி, பாதி கடித்த பிஸ்கட், ஒருமுறை ஒரு பல். பிள்ளைகளின் வாந்தி ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது என்பது அவன் தொழிலில் முதல் பாடம். "இது போவாது சார். மாத்திடலாம்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான், உள்ளுக்குள் ஓர் இளக்காரத்தோடு. பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று.

பிறகு அவனுக்கே ஒன்று பிறந்தது. சீட்டின் முதுகில் குழி விழும்படி இழுத்துத் தைப்பார்களே, துணி போர்த்திய பட்டன், அதைப் போல உருண்டையாக இருந்ததால் பட்டன். நிற்கிற காரில் அவள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயால் ஹாரன் அடித்து, கற்பனை ஆட்களைத் திட்டி, அப்படியே தூங்கியும் போவாள். ஓடுகிற காரில்தான் தகராறு.

ஓடுகிற காரில் போகாமல் இருக்கவும் வழியில்லை. அவளுடைய வலது கண் சோம்பேறிக் கண். போன வருஷம் ஊரில் கண் முகாம் நடத்த வந்த டாக்டரம்மா சொன்ன வார்த்தைதான் அது. இடது கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ள, வலது மூக்குப் பக்கம் திரும்பிச் சும்மா உட்கார்ந்துவிட்டது. நல்ல கண்ணைத் தினம் ஆறு மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டி மூடி, சோம்பேறியை வேலை வாங்க வேண்டும். கிட்டத்து வேலையாக இருந்தால் நல்லது. படம் பார்ப்பது, கலர் அடிப்பது. எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், பெரிய ஊரில். மூன்று மணி நேரம். நடுவில் முப்பத்தெட்டு வளைவு. பஸ்ஸில் போனால் நாலரை மணி நேரம். வளைவு அதே முப்பத்தெட்டு.

முதல் தடவை போய்ச் சேர்ந்தபோது பட்டன் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தாள். மிஷினில் தாடையை வைக்கச் சொன்னால் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டாம் தடவை மருந்துக் கடையில் கேட்டு ஒரு சிரப் கொடுத்துக் கூட்டிப்போனார்கள். வாந்தி பாதியாகக் குறைந்தது. ஆனால் மிஷினில் தாடையை வைத்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். டாக்டரம்மா மூன்று தடவை எழுப்பிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

"இந்த ரீடிங்கை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆபரேஷனா, பிளாஸ்திரியே போதுமான்னு முடிவு பண்ணணும். இப்பவே அஞ்சே முக்கால் வயசு. ஏழு தாண்டிடுச்சுன்னா கண்ணு நம்ம பேச்சைக் கேக்காது. அடுத்த தடவை முழிச்சிருக்கிற குழந்தையைக் கூட்டிட்டு வாங்க."

வாசல் மேஜையில் இருந்த பெண் ஓர் அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தாள். இதையும் விட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும், எட்டு மாதம் ஆகும் என்றாள். எட்டு மாதத்தை எட்டு நிமிஷம் போலச் சொன்னாள்.

அந்தத் தேதி ஒரு சனிக்கிழமை.

அதற்கு முந்தின நாள், பட்டனின் அம்மா வேலை பார்க்கும் பாட்டில் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இது அங்கே மாதம் ஒருமுறை நடப்பது. வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வேண்டும். பெல்ட்டில் காலி பாட்டில்கள் கலகலவென்று போய்க்கொண்டே இருக்கும். கீறலோ, குமிழியோ, கழுத்துக் கோணலோ இருந்தால் தட்டித் தொட்டியில் தள்ள வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். பட்டனின் அம்மா ஒன்பது வருஷமாக அந்த ஸ்டூலில் இருக்கிறாள். அவள் கண்ணைத் தாண்டி ஒரு பாட்டில் போனதில்லை என்று சூப்பர்வைசர் சொல்லுவார். எல்லோரும் அவளைச் செக்கர் என்றே கூப்பிட்டார்கள். தெருவிலும் அதே பெயர்தான்.

ஓடிப்போன பெண் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு இந்த வேலை ஒத்து வராது. வயித்தைப் பெரட்டுது."

"மொத வாரம் எல்லாருக்கும் பெரட்டும். நீ பாட்டில் கூடவே கண்ணை ஓட்டுற. பாட்டில் போறது போகட்டும், நீ ஏன் கூடப் போற?"

"பாக்காம எப்படிக்கா?"

"எதிர்ல பலகை ஓரத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கு பாரு. கண்ணை அங்க வை. பாட்டில் தானா உன் முன்னாடி வரும். கோணலா இருந்தா கண்ணே சொல்லும்."

"ஒரு கண்ணை மூடிக்கிட்டா கொஞ்சம் தேவல போல இருக்கு."

"அது இன்னும் மோசம். பத்து நிமிஷத்துல மறுபடி ஓடுவ. தலையை நிமித்து. ரெண்டு கண்ணையும் தொற."

இதை அவள் ஒன்பது வருஷத்தில் ஐம்பது பேருக்காவது சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு, ஷிஃப்ட் முடிந்து, மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து, மறுநாள் காருக்கென்று மூன்று படப் புத்தகங்களையும் ஒரு பெட்டி பிளாஸ்திரியையும் பையில் எடுத்து வைத்தாள்.

அதற்கும் காரணம் இருந்தது. ஆறு மணி நேரம் என்று டாக்டர் சொல்வது எளிது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ததில் பிளாஸ்திரி பதினொரு மணிக்கே உரிந்து பென்சில் டப்பாவுக்குள் போய்விடும். டீச்சருக்கு நாற்பது பிள்ளைகள். ஒரு கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒட்டினால் தூங்குவதற்குள் மூன்று மணி நேரம், மிஞ்சினால் நாலு. கார் பயணம் என்றால் போக மூன்று, வர மூன்று. ஓட முடியாது, ஒளிய முடியாது, பெல்ட் போட்டு ஒரே இடத்தில் பிள்ளை. செக்கருக்கு அது புதையல் மாதிரி. வண்டி கிளம்பும்போது ஒட்டுவாள். வீட்டு வாசலில் உரிப்பாள். நடுவில் வாந்தி வந்தாலும் பிளாஸ்திரி கழன்றதில்லை.

கீழே பட்டறையில் குஷன்காரன் தன் வழியில் முயன்றுகொண்டிருந்தான். பிள்ளை தாழ உட்கார்ந்திருக்கிறது, முன் சீட்டின் முதுகைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் குமட்டுகிறது என்பது அவன் முடிவு. தங்கள் காரின் பின் சீட்டு நடுவில் ஒன்பது அங்குலம் ஃபோம் வெட்டி ஏற்றினான். ஓரம் சுற்றிப் பைப்பிங் நாடா, நீல ரெக்சின், பெல்ட் வெளியே வர வாய். அடுக்குக்கு அடுக்கு பசை தடவி, மேலே பேட்டரி ஒன்றைத் தூக்கி வைத்து அழுத்தினான். வெளியே மழை சாத்திக்கொண்டிருந்ததால் கார்க் கண்ணாடிகளை ஏற்றி மூடினான்.

அவனுடைய அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். பட்டனுக்கு அத்தை. அடுத்த தெருவில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். அதனால் அவளுக்குத் தெரியாத நோய் இல்லை.

"என்னடா தம்பி இது, மூக்கைத் தொளைக்குது."

"காலையில போயிடும்க்கா."

"பசை வாசனை மனுஷனையே கிறுகிறுக்க வைக்கும். புள்ளைக்கு ஆகுமா?"

"நீ வாங்கிட்டு வந்த எலுமிச்சம்பழம் ஆச்சா? வயித்துல பேப்பரைக் கட்டுனியே, அது ஆச்சா? இஞ்சி மிட்டாய் ஆச்சா? எல்லாம் என் சீட்டுலதான் வந்து விழுந்துச்சு. இந்த ஒரு தடவை என் வைத்தியம்."

"பண்ணு. எனக்கென்ன. வாந்திக்குக் கவர் பிடிக்கக் கூட ஒரு ஆள் வேணுமேன்னுதான் வரேன். என் ஆயுசுல நான் வண்டியில வாந்தி எடுத்ததில்ல."

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். மழை விட்டு விட்டுத் தூறியது. கண்ணாடியை இறக்கினால் சாரல், ஏற்றினால் பசை. புது சீட்டில் பட்டன் எல்லோரையும்விட உயரமாக உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் பிளாஸ்திரி, மடியில் வாத்துப் படம், வயிற்றில் அத்தை கட்டிய பேப்பர். ரொட்டியும் அவித்த முட்டையும் அம்மா மடியில் டப்பாவில் இருந்தன. டப்பாவைத் திறக்க யாருக்கும் தைரியம் இல்லை.

சமவெளி முடிகிற வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. குஷன்காரன் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "பாத்தியா? உயரம்தான் விஷயம்" என்றான்.

"வாயை வைக்காதீங்க" என்றாள் செக்கர். "பட்டன், வாத்து எத்தனை குஞ்சு வச்சிருக்கு? விரலால தொட்டு எண்ணு."

பட்டன் மூக்கு படத்தில் படும் அளவுக்குக் குனிந்து எண்ணினாள். ஆறு என்றாள். படத்தில் நாலு.

ஆறாவது வளைவில் அத்தை பேச்சை நிறுத்தினாள். ஒன்பதாவது வளைவில் அவள் முகம் பழைய சோப்பு நிறத்துக்கு வந்தது.

"அண்ணி, என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ புள்ளையைப் பாரு."

பத்தாவது வளைவில் பட்டனுக்காக வைத்திருந்த கவர் அத்தைக்குப் போனது. பட்டன் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் மிகுந்த அக்கறையோடு பார்த்தாள்.

"அப்பா, அத்தை எடுத்துட்டா."

"தெரியுதும்மா. கேக்குது."

"நான் எடுக்கல."

அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் பதினோராவது வளைவு வந்தது. வாத்தின் மீது, நீல ரெக்சின் மீது, புது பைப்பிங் மீது எல்லாம் பட்டன் எடுத்தாள்.

அந்த வளைவில் அகலமான மண் ஓரமும் ஒரு தகரக் கொட்டகையும் இருந்தன. டீயும் அவித்த முட்டையும் விற்கிற ஒருத்தி அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கையைக் காட்டினாள்.

"பக்கெட்டு அந்தாண்ட இருக்கு. துணியும் இருக்கு. இங்க நிக்கிற வண்டியில முக்கால்வாசி இதுக்குத்தான் நிக்கும். கழுவிட்டு டீ சாப்பிடுங்க."

குஷன்காரன் சீட்டைத் துடைத்தான். செக்கர் பிள்ளையைக் கழுவிச் சட்டை மாற்றினாள். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து தனக்குத் தானே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தாள். மலை தெரியவில்லை, மேகம் ரோட்டிலேயே இறங்கி நின்றது. மணி ஏழே முக்கால். பத்து மணிக்கு டாக்டர்.

"பசைதான்" என்றாள் செக்கர். "நேத்தே உங்கக்கா சொன்னாங்க. உங்களுக்குக் காது கேட்டாத்தான."

"பசைன்னா போன தடவை பசை எங்க இருந்துச்சு? அதுக்கு முந்தி எங்க இருந்துச்சு? நாறினது எங்கக்காவுக்கு. புள்ளைக்கு வேற ஏதோ."

"அப்ப எம்மேல சொல்றீங்களா?"

"யார் மேலயும் சொல்லல. மொதல்ல அந்தப் பிளாஸ்திரியைக் கழட்டு. கண்ணு ஓரமெல்லாம் தண்ணி."

"இன்னைக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம்தான் ஆகியிருக்கு."

"நீ என்ன மணி அடிக்கிற வாத்தியாரா?"

செக்கர் ஈரத் துணியைப் பக்கெட்டில் போட்டாள். தண்ணீர் அவன் பேண்ட்டில் தெறித்தது.

"ஒரு நாளாவது இதை நீங்க ஒட்டியிருக்கீங்களா? ஒட்டுறது நான், உரிக்கிறது நான். புருவ முடியோட வந்தா கெட்ட அம்மான்னு பேர் வாங்குறதும் நான். நீங்க நல்லவரு. ஃபோம் வெட்டி சிம்மாசனம் செஞ்சு குடுப்பீங்க. இதுல நாளைக்கு அந்தக் கண்ணு போச்சுன்னா ஊரே யாரைக் கேக்கும்? உங்களையா?"

"கண்ணு போகும்னு நான் சொன்னேனா?"

"டாக்டர் சொன்னாங்க. நீங்க அப்ப வண்டியைக் கழுவிட்டு இருந்தீங்க."

"ஆமா, நான் கழுவத்தான் பொறந்தேன்" என்றான் அவன். "சரி, நீ பெரிய செக்கராச்சே. உன் பெல்ட்டுல புதுசா வர்றவங்க வாந்தி எடுத்தா நீ என்ன குடுப்ப? ஒரு கண்ணைக் கட்டிவிட்டு வாத்துப் படம் குடுப்பியா?"

அவன் சொன்னது குத்துவதற்காகத்தான். வேறு ஒரு யோசனையும் அதில் இல்லை. சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டான்.

செக்கர் நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் நனைந்த புத்தகம் இருந்தது. வாத்தைப் பார்த்தாள். பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது வருத்தம் அல்ல. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கோணல் பாட்டில் தன் கையைத் தாண்டிப் போவதைப் பார்த்தவளின் எரிச்சல்.

குவளையில் தண்ணீர் எடுத்து பிளாஸ்திரியின் ஓரத்தை நனைத்து, முடி வராமல் மெதுவாக உரித்தாள். பட்டன் கத்தத் தயாராக இருந்தாள்; வலிக்காததால் வாயைத் திறந்தபடி விட்டுவிட்டாள். செக்கர் மூன்று புத்தகங்களையும் டிக்கியில் வைத்து அறைந்து மூடினாள். வயிற்றில் கட்டிய பேப்பரை உருவி எறிந்தாள். அத்தையை முன் சீட்டில் உட்கார வைத்து அந்தப் பக்கக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள்.

"நனைவேனே" என்றாள் அத்தை.

"நனைங்க."

குஷன்காரன் டீயோடு வந்து இதையெல்லாம் பார்த்தான். ஏதோ கேட்க வந்து, டீயைக் குடித்துவிட்டான்.

வண்டி கிளம்பியதும் செக்கர் பிள்ளையின் தலையைப் பிடித்து நேராக நிமிர்த்தினாள்.

"கிட்டப் பாக்காத. பக்கத்துக் கண்ணாடி வழியாப் பாக்காத. அங்க, ரோடு எங்க திரும்புதோ அங்க பாரு. வளைவு வந்தா அப்பாகிட்ட சொல்லு."

"எனக்கு எதுக்குச் சொல்லணும்? எனக்குக் கண்ணு தெரியுதே" என்றான் அவன்.

"நீங்க ஓட்டுங்க."

"வளைவு வருது" என்றாள் பட்டன்.

"எந்தப் பக்கம்?"

பட்டனுக்கு இடது வலது தெரியாது. யோசித்தாள். பட்டறையில் காருக்குள் உட்கார்ந்து தெருவைப் பார்த்தால் ஒரு பக்கம் பஞ்சர் கடை, ஒரு பக்கம் பேட்டரி கடை.

"பேட்டரி கடைப் பக்கம்."

வண்டி இடப்பக்கம் திரும்பியது. வளைவுக்கு முன்பே பட்டன் உடம்பும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒன்பது அங்குல ஃபோம் மேலிருந்து அவளுக்கு ரோடு முழுசாகத் தெரிந்தது.

"இன்னொண்ணு. பஞ்சர் கடை. அப்பா, மெதுவா. லாரி. லாரியும் பஞ்சர் கடைப் பக்கம் வருது. ஹாரன் அடி."

அடித்தான். அடிக்கும்வரை அவள் விடவில்லை.

பதினைந்து போனது. இருபது போனது. ஒவ்வொரு வளைவிலும் செக்கர் கவரை விரித்துப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் தொண்டையையே பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வந்தது பேச்சுதான். முன்பு எழுபது கிலோமீட்டரும் முனகிக்கொண்டே வந்த பிள்ளை இப்போது பலகை, மரம், கல், நாய், நாய் இல்லை அதுவும் கல் என்று ஒன்றையும் விடாமல் ஒப்பித்தது. இருபத்தாறாவது வளைவில் ரொட்டி கேட்டது. எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். இருபத்தெட்டில் அழுது வாங்கித் தின்றது. உள்ளேயே நின்றது.

"நான் சொல்லல?" என்றான் குஷன்காரன். "உயரம்."

"காத்து" என்றாள் அத்தை, நனைந்த தோளைத் துடைத்துக்கொண்டே. "நான் கண்ணாடியை எறக்கச் சொன்னேன்ல."

"நீ எங்கக்கா சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

செக்கர் கவரை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். பட்டன் மிஷினில் தாடையைத் தானாகவே வைத்தாள். எதிர்ச் சுவரில் ஒளிரும் படங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீடு. குடை. கப்பைப் பக்கெட் என்றாள். டாக்டரம்மா அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். நல்ல கண்ணை மூடிவிட்டு மறுபடி கேட்டார். பட்டன் திணறினாள், கழுத்தைத் திருப்பினாள், ஆனால் சொன்னாள். மூன்றாவது வரி வரை சொன்னாள். போன வருஷம் முகாமில் முதல் வரியே அவளுக்கு வெறும் புகையாக இருந்தது.

"நல்லாவே தேறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சு வேண்டாம். தினம் எத்தனை மணி நேரம் ஒட்டுறீங்க?"

"பள்ளிக்கூட நாள்ல மூணு, சில நாள் நாலு" என்றாள் செக்கர். "இங்க வர்ற அன்னிக்கு மட்டும் ஆறு. கார்லயே முடிச்சிடுவோம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கார்லயா? என்ன பண்ண வைப்பீங்க?"

"படப் புஸ்தகம்."

"நல்ல கண்ணை மூடிட்டு, மலை ரோட்டுல, புஸ்தகம்."

"கிட்டத்து வேலை குடுக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"கார்ல வேண்டாம்னு சொல்லலயே மேடம்."

டாக்டரம்மா அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். "சொல்லல" என்றார். "யாரும் இப்படிச் செய்வாங்கன்னு எனக்குத் தோணல. பெரியவங்களுக்கே கொடலைப் பெரட்டும். இன்னைக்கும் ஒட்டினீங்களா?"

"பதினோராவது வளைவு வரைக்கும்."

குஷன்காரன் பக்கத்தில்தான் நின்றான். எல்லாம் கேட்டான். இரண்டு தடவை கழற்றிக் கழுவிய சீட்டும், மூன்று பேர் தூக்கமும், மருந்துக் கடைச் சிரப்பும் அவன் வாய் வரை வந்திருக்கும். அவன் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தையே படித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷக் கல்யாணத்தில் அவன் செய்த நல்ல காரியங்களை விரல் விட்டு எண்ணினால் அதில் இது ஒன்று.

"இனிமே கார்ல மட்டும் வேண்டாம்" என்று அட்டையில் எழுதினார் டாக்டரம்மா. "மத்தபடி விடாதீங்க. மூணு நாலு மணி நேரத்துக்கே இவ்வளவு வந்திருக்கு. ஆறு மணி நேரம் முழுசா குடுத்தா நேரா நிக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

"இன்னைக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கு மேடம்."

"ஒரு நாள்தானே. போனா போகட்டும்."

போனால் போகட்டும் என்று சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் செக்கர் அந்த ஸ்டூலில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருக்க மாட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பும்போது வெயில் அடித்தது. முப்பத்தெட்டு வளைவையும் பட்டன் மறுபடி சொன்னாள். எதிர்த் திசையில் பக்கம் மாறியிருந்ததில் அவளுக்குக் கோபம். காலையில் பேட்டரி கடைப் பக்கம் திரும்பிய வளைவு இப்போது பஞ்சர் கடைப் பக்கம் திரும்புகிறது, அப்பா தப்பாக ஓட்டுகிறார் என்றாள். அவன் ஐந்து வளைவுக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தான். ஆறாவதில் விட்டுவிட்டான். அத்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். காலையில் நின்ற பதினோராவது வளைவில் டீக்காரி வண்டியை அடையாளம் கண்டு பக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

நாலரை மணிக்குப் பட்டறை வாசலில் வண்டி நின்றது. அத்தை எழுந்து, தான் தூங்கவே இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். குஷன்காரன் ரிவர்ஸ் எடுத்து வண்டியை உள்ளே விட்டான்.

"எறங்கு பட்டன்."

"மாட்டேன்."

"காலையிலேர்ந்து கார்லதான இருக்க."

"இது என் சீட்டு."

செக்கர் பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தாள். பின்பக்கத் தாளை உரித்தாள். குஷன்காரன் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"இப்பவா?"

"நிக்கிற வண்டிதான" என்றாள் அவள். "டிக்கியைத் தொறங்க. புஸ்தகத்தை எடுக்கணும்."

வாத்துப் புத்தகம் காய்ந்து அட்டை விறைத்திருந்தது. வாடை போகவில்லை. அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிளாஸ்திரியை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பட்டன் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டன் கலர் பென்சிலை எடுத்துக் குனிந்தாள். பசை வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தரை ஆனது. ஆறரை ஆனது. வெளியே பேட்டரி கடைக்காரர் விளக்கைப் போட்டார். குஷன்காரன் இரண்டு தடவை ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்து இரண்டு தடவையும் கீழே வைத்தான்.

"எப்ப முடியும்?"

"இன்னும் ஒரு மணி நேரம். தூங்குற வரைக்கும்."

"ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை மலை ஏறி எறங்கிட்டு, மறுபடி இங்க வந்து காருக்குள்ளயே உக்காரணுமா?"

"இன்னும் ஒரு வருஷம்" என்றாள் செக்கர்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். சத்தமாக அல்ல. பிறகு முன் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். வேறு எங்கேயும் உட்கார இடமில்லை. இருந்த ஒரே ஸ்டூலில் ஃபோம் கிடந்தது.

பட்டன் கலர் அடிப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள். ஒற்றைக் கண்ணால், சோம்பேறிக் கண்ணால், எதிரே தெருவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வளைவு வருது" என்றாள்.

குஷன்காரன் கண்ணாடியில் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"பேட்டரி கடைப் பக்கம்."

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தான்.

"இன்னும் திருப்புப்பா" என்றாள் பட்டன், அலுத்துக்கொண்டு. "பெரிய வளைவு."